கீமோவோடு இம்யூனோதெரபியும் சேர்க்க வேண்டுமா? முதலில் எடுத்த கட்டியின் பிளாக்கைப் பரிசோதியுங்கள்

கேள்வி: காரைக்குடியை அடுத்த ஓர் ஊரிலிருந்து எழுதுகிறேன். எனக்கு 39 வயது. என் ஆத்தாவுக்கு (அம்மா) 64 வயது. வெகுநாளாகச் சர்க்கரை நோய் உண்டு. மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் கழித்து உதிரம் பட்டது. மதுரையில் காட்டினோம். கருப்பைப் புற்றுநோய் என்று சொல்லி, ஐந்து வாரங்களுக்கு முன் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். எண்டோமெட்ரியாய்டு வகை, தரம் 3, நிலை 3சி1, இடுப்பு நிணநீர் முடிச்சு ஒன்றில் நோய் இருந்தது, வேறெங்கும் எஞ்சவில்லை என்று அறிக்கை சொல்கிறது. ஆறு கீமோ ஏற்றி, பிறகு கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க வேண்டுமாம். சிங்கப்பூரில் இருக்கும் பெரியப்பா மகன், "வெறும் கீமோ பழைய வைத்தியம், இம்யூனோதெரபி சேர்க்காமல் தொடங்கவே கூடாது" என்கிறார். அதற்காகப் பரம்பரை வீட்டில் எங்கள் பங்கை விற்கும் பேச்சு நடக்கிறது. வேறோர் ஆஸ்பத்திரியில், ஆய்வு ஒன்றில் சேர்ந்தால் அந்த மருந்து கிடைக்கலாம் என்றார்கள். ஆத்தாவைச் சோதனை எலி ஆக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அடுத்த மாதம் அப்பச்சிக்கு (அப்பா) எழுபதாவது சாந்தி. அது முடிந்து கீமோ தொடங்கலாமா? ஆத்தாவிடம் "கட்டியை எடுத்தாகிவிட்டது" என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். அவருடைய தம்பி, என் அம்மான், 46 வயதில் குடல் புற்றுநோயில் இறந்தவர். அந்த நோயின் பெயரைக் கேட்டாலே ஆத்தா ஒடிந்துவிடுவார்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கீமோவைத் தள்ளிப்போடாதீர்கள். அறுவைக்குப் பிறகு புண் ஆறியதும், பொதுவாக ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் கீமோவைத் தொடங்குவோம். உங்களுக்கு ஐந்து வாரங்கள் போய்விட்டன. இம்யூனோதெரபி (உடலின் நோயெதிர்ப்புச் செல்களைப் புற்றின் மேல் ஏவும் மருந்து) உண்டா இல்லையா என்ற பேச்சு முடியட்டும், வீட்டுப் பங்கு விலை போகட்டும், சாந்தி கழியட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தால், உங்கள் தாயார் ஆச்சிக்கு நிச்சயமாகப் பயன் தரக்கூடிய சிகிச்சையின் காலம்தான் வீணாகும்.

"வெறும் கீமோ" என்று உங்கள் அண்ணன் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். அந்த "வெறும்" என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல் என்ற இரண்டு மருந்துகளையும் மூன்று வாரங்களுக்கு ஒருமுறை ஏற்றுவதுதான் உலகெங்கும் இந்த நிலைக்கு அடிப்படைச் சிகிச்சை. கருப்பைப் புற்றுநோயில் இம்யூனோதெரபியைச் சோதித்து முடிவு கண்ட, நான் கீழே சொல்லும் பெரிய ஆய்வுகளும் இந்த இரண்டையும் விட்டுவிடவில்லை. இவற்றின் மேல்தான் புதிய மருந்தைச் சேர்த்துப் பார்த்தன.

உங்கள் கேள்வியைத் தொடும் ஆய்வு ஒன்று இருக்கிறது. கீநோட்-பி21 என்று பெயர். அறுவை முடிந்து, கண்ணுக்குத் தெரியும் நோய் எதுவும் எஞ்சாத, ஆனால் திரும்பி வரும் ஆபத்து அதிகமுள்ள 1,095 பெண்கள் அதில் சேர்ந்தார்கள். ஆச்சியின் நிலையும் ஏறக்குறைய அதுதான். எல்லோருக்கும் கீமோ கொடுத்தார்கள். தேவைப்பட்டவர்களுக்குக் கதிர்வீச்சும் உண்டு. அதோடு ஒரு பாதிப் பேருக்குப் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து, மறுபாதிக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. முடிவு 2024-இல் வெளிவந்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள், இம்யூனோதெரபி பெற்றவர்களில் நூற்றுக்கு 75 பேர். பெறாதவர்களில் 76 பேர். எல்லோரையும் ஒன்றாக எடுத்துக்கொண்டால், புதிய மருந்தால் ஒரு லாபமும் இல்லை. கடுமையான பக்கவிளைவுகள் மட்டும் கூடின: மருந்து பெறாதவர்களில் 63 விழுக்காடு, பெற்றவர்களில் 71. இந்த எண்களில் உங்களுக்கு ஆறுதலும் இருக்கிறது. இம்யூனோதெரபி இல்லாமல், அறுவையும் கீமோவும், தேவைப்பட்டால் கதிர்வீச்சும் பெற்ற பெண்களில் நான்கில் மூன்று பேர் இரண்டாம் ஆண்டில் நோயில்லாமல் இருந்தார்கள். இதை உங்கள் அண்ணனுக்கும் சொல்லுங்கள்.

அப்படியானால் இம்யூனோதெரபியை மறந்துவிடலாமா? அதுவும் கூடாது. அதே ஆய்வுக்குள் ஒரு பிரிவுப் பெண்களுக்கு முடிவு வேறு மாதிரி வந்தது.

நம் உடலில் செல் ஒன்று இரண்டாகும்போதெல்லாம் அதன் மரபணு எழுத்துகள் முழுவதும் படியெடுக்கப்படுகின்றன. படியெடுக்கும்போது பிழை விழும். பழைய செட்டிநாட்டுப் பெட்டியடியில் கணக்குப்பிள்ளை அன்றாடக் குறிப்பைப் பேரேட்டில் ஏற்றிய பிறகு, இன்னொருவர் உட்கார்ந்து வரி வரியாக ஒத்துப் பார்ப்பார் அல்லவா? அப்படி ஒத்துப் பார்த்துப் பிழையைத் திருத்தும் புரதங்கள் செல்லிலும் இருக்கின்றன. முக்கியமானவை நான்கு: எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6. இவற்றில் ஏதாவது ஒன்று இல்லாமல் போனால் பிழைகள் ஆயிரக்கணக்கில் குவிந்து, செல் புற்றாக மாறலாம். கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று இந்த வகை. மருத்துவர்கள் இதை "எம்எம்ஆர் குறைபாடு" என்பார்கள்.

பிழை மலிந்த இந்தச் செல்கள் உருவாக்கும் புரதங்கள் உடலுக்கு அந்நியமாகத் தெரியும். அதனால் நோயெதிர்ப்புச் செல்கள் அவற்றை எளிதாக அடையாளம் கண்டு மொய்க்கும். ஆனால் புற்றுச் செல், பிடி-1 என்ற தடைப்பொத்தானை அழுத்தி அவற்றை நிறுத்தி வைத்துவிடும். அந்தத் தடையை விடுவிப்பதுதான் பெம்ப்ரோலிசுமாப், டோஸ்டார்லிமாப் போன்ற மருந்துகளின் வேலை. பிடி-1-ஐக் கண்டறிந்த ஜப்பானின் தசுகு ஹோஞ்சோவுக்கும், இதே வழியில் வேறொரு தடையை ஆராய்ந்த அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனுக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கீநோட்-பி21 ஆய்வில் எம்எம்ஆர் குறைபாடு உள்ளவர்கள் 281 பேர். அவர்களில் இம்யூனோதெரபியும் சேர்த்துப் பெற்றவர்களில் 92 விழுக்காட்டினர் இரண்டு ஆண்டுகளில் நோய் திரும்பாமல் இருந்தார்கள். கீமோ மட்டும் பெற்றவர்களில் 80 விழுக்காட்டினர். நோய் திரும்பும் ஆபத்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. இது சிறிய வித்தியாசம் இல்லை.

ஆனாலும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆய்வு தொடங்கும் முன் எழுதி வைத்த முதன்மைக் கேள்வி, "எல்லோருக்கும் பயன் உண்டா?" என்பது. அதற்கு விடை "இல்லை" என்று வந்துவிட்டால், அதற்குள் ஒரு பிரிவில் கிடைத்த நல்ல முடிவை முறைப்படி நிரூபணமாகக் கொள்ள மாட்டார்கள். வலுவான அறிகுறி என்றுதான் சொல்வார்கள். நான் இந்த அறிகுறியைப் பெரிதும் மதிக்கிறேன். காரணம், இது தனித்து நிற்கவில்லை. நோய் முற்றிய அல்லது திரும்பி வந்த பெண்களிடம் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளும் 2023-இல் இதே திசையைக் காட்டின. பெம்ப்ரோலிசுமாப் ஆய்வில், எம்எம்ஆர் குறைபாடு உள்ளவர்களில் ஓராண்டு முடிவில் நோய் மோசமாகாமல் இருந்தவர்கள், மருந்து சேர்த்தபோது 74 விழுக்காடு, சேர்க்காதபோது 38. டோஸ்டார்லிமாபைச் சோதித்த ரூபி ஆய்வில் இரண்டாண்டு முடிவில் 61, அதற்கெதிரே 16. உங்கள் அண்ணன் படித்தது இவற்றைப் பற்றியதாகத்தான் இருக்கும். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பெண்களில் பெரும்பாலோருக்கு நோய் உடலில் எஞ்சியிருந்தது அல்லது திரும்பி வந்திருந்தது. எம்எம்ஆர் நன்றாக உள்ளவர்களுக்கும் அந்த நிலையில் ஓரளவு பயன் தெரிந்தது. நோய் முழுவதும் எடுக்கப்பட்ட நிலையில் அந்தப் பயன் தெரியவில்லை. உங்கள் ஆத்தா இருப்பது, நோய் முழுவதும் எடுக்கப்பட்ட இந்த நிலையில்தான்.

ஆகவே இப்போது தெரிய வேண்டியது, ஆச்சியின் கட்டியில் அந்த நான்கு புரதங்களும் இருக்கின்றனவா என்பதுதான். நீங்கள் அனுப்பிய விவரத்தில் அந்தப் பரிசோதனையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இதற்கு ஆச்சிக்கு இன்னொரு ஊசியோ அறுவையோ வேண்டாம். எடுத்த கட்டியின் துண்டுகளைப் பாரஃபின் மெழுகில் பதித்து, விரல் நுனியளவு கட்டிகளாக நோயியல் துறையில் எண் போட்டு வைத்திருப்பார்கள். அதுதான் பிளாக். அதிலிருந்து முடியைவிட மெல்லிய சீவல்களை எடுத்து, ஒவ்வொரு புரதத்துக்கும் தனித்தனியாகச் சாயம் ஏற்றுவார்கள். புரதம் இருந்தால் செல்லின் உட்கரு பழுப்பாகத் தெரியும். இல்லாவிட்டால் நீலமாகவே நிற்கும். செலவு சில ஆயிரம் ரூபாய்.

பிளாக் கேட்கும்போது இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள். கருப்பை முழுவதையும் எடுத்த பிளாக்கோடு, முதலில் நோயை உறுதி செய்யச் சுரண்டி எடுத்த பயாப்ஸியின் பிளாக்கையும் கேளுங்கள். பெரிய உறுப்பின் உள்ளே ஃபார்மலின் இறங்க நேரமாகும். அதற்குள் திசு கெட்டுச் சாயம் சரியாக ஏறாமல் போவதுண்டு. சிறு பயாப்ஸித் துண்டில் அந்தச் சிக்கல் குறைவு. அடுத்தது, அதே வேளையில் பி53 என்ற புரதத்துக்கும் சாயம் ஏற்றச் சொல்லுங்கள். போர்டெக்-3 என்ற ஆய்வில், பி53 கெட்டுப்போன பெண்களுக்குக் கதிர்வீச்சு மட்டும் கொடுத்தபோது ஐந்தாண்டுகளில் 36 விழுக்காட்டினர்தான் நோய் திரும்பாமல் இருந்தார்கள்; கீமோவும் சேர்த்தபோது அது 59 ஆயிற்று. ஆச்சிக்கு அந்த வகை என்று வந்தால், கீமோவை முழுதாக முடிப்பதில் நீங்கள் எல்லோரும் உறுதியாக நிற்க வேண்டும். போல் (POLE) என்ற மரபணுவின் மாற்றத்தையும் பார்க்கலாம்; தரம் 3 எண்டோமெட்ரியாய்டு கட்டிகளில் அது சில சமயம் இருக்கும், இருந்தால் நோயின் போக்கு மிக நல்லதாக அமையும். ஆனால் அதற்கு மரபணு வரிசையைப் படிக்க வேண்டும், செலவும் கூடும். உங்கள் மருத்துவர் தேவை என்றால் செய்யுங்கள்.

முடிவு எதுவானாலும் என்ன செய்வது என்பதையும் எழுதிவிடுகிறேன். நான்கு புரதங்களும் இருக்கின்றன என்று வந்தால், வீட்டுப் பங்கை விற்கும் பேச்சை அன்றே நிறுத்துங்கள். பயன் தெரியாத மருந்துக்கு, ஒரு தவணைக்கே லட்சக்கணக்கில், ஏறக்குறைய ஓராண்டு முழுவதும் கட்டிக்கொண்டிருப்பதில் அர்த்தம் இல்லை. கீமோவையும் கதிர்வீச்சையும் தவறாமல் முடியுங்கள். குறைபாடு இருக்கிறது என்று வந்தால், உங்கள் மருத்துவரிடம் இம்யூனோதெரபியைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும். அப்போது நான் அதன் பக்கம்தான் சாய்வேன். அப்போதும் முதலில் மருந்து நிறுவனங்களின் நோயாளி உதவித் திட்டம் உண்டா, ஆய்வு ஏதும் உண்டா, காப்பீட்டில் எவ்வளவு வரும் என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் பத்திரத்தில் கை வைக்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டைக்கு நீங்கள் தகுதி பெற்றவர்களானால், அறுவை, கீமோ, கதிர்வீச்சு ஆகியவற்றுக்கு அது பெரிதும் கைகொடுக்கும். இந்த வகை மருந்துக்கு அதையே நம்பி இருந்துவிடாமல், ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 2022-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை மிகக் குறைந்த அளவில், மிகக் குறைந்த செலவில் கொடுத்து நல்ல பலன் கண்டார்கள். அது முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு. அதைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கும் குறைந்த அளவில் ஏற்றிவிடலாம், செலவு கம்மி" என்று யாராவது சொன்னால், கருப்பைப் புற்றுநோயில் அறுவைக்குப் பிறகு அதற்கு என்ன சான்று என்று கேளுங்கள்.

பக்கவிளைவுகளைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒன்றும் இல்லை. "இம்யூனோதெரபியில் முடி கொட்டாது, தொந்தரவே இல்லை" என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். கீமோவோடு சேர்த்துக் கொடுக்கும்போது முடி கொட்டத்தான் செய்யும். தடையை விடுவித்த நோயெதிர்ப்புச் செல்கள் புற்றோடு நிற்காமல் உடலின் நல்ல உறுப்புகள்மீதும் பாயலாம். தைராய்டு கெடுவது அடிக்கடி நடப்பது, மாத்திரையில் சரியாகிவிடும். குடல் அழற்சியால் வயிற்றுப்போக்கு, நுரையீரல் அழற்சியால் இருமலும் மூச்சிரைப்பும், கல்லீரல் அழற்சி, அட்ரினல் சுரப்பி ஓய்ந்துபோவது ஆகியவை குறைவாகவே நேரும், நேர்ந்தால் அவசரம். மருந்தை நிறுத்திப் பல மாதங்கள் கழித்தும் வரலாம்.

ஆச்சிக்கு நான் தனியாகக் கவலைப்படுவது சர்க்கரையைப் பற்றி. இந்த மருந்துகள் அரிதாகக் கணையத்தைத் தாக்கி, இன்சுலினே சுரக்காத சர்க்கரை நோயைத் திடீரென்று உண்டாக்கும். சர்க்கரையே இல்லாதவருக்கு அது வந்தால் உடனே தெரிந்துவிடும். ஆச்சியைப் போல ஏற்கெனவே உள்ளவருக்கு 400, 500 என்று ஏறினாலும், "வழக்கமாக ஏறுவதுதான், பாயசம் சாப்பிட்டிருப்பார்" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். போதாததற்கு, பாக்லிடாக்சல் ஏற்றும் முன் ஒவ்வாமையைத் தடுக்கக் கொடுக்கும் டெக்ஸாமெதசோன் ஊசியும் இரண்டு மூன்று நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றும். ஆகவே இம்யூனோதெரபி சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், கீமோ தொடங்கும் முன்பே சர்க்கரை மருத்துவரைப் பார்த்து, ஊசி நாட்களுக்கான மருந்தளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கட்டும். வாந்தியும் மூச்சு வாங்குவதும் சேர்ந்து சர்க்கரையும் மிக ஏறினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

பாக்லிடாக்சல் பாத நரம்புகளை மரத்துப்போகச் செய்யும். சர்க்கரைக்காரர்களுக்கு இது கூடுதல். உங்கள் வீட்டிலும் ஆத்தங்குடிக் கல் தரையாகத்தான் இருக்கும். தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாகிப் போன அந்தத் தரையில் ஈரக்காலோடு நடந்தால் நமக்கே வழுக்குகிறது. பாதத்தில் உணர்வு குறைந்தவருக்குக் கேட்கவே வேண்டாம். வளவிலிருந்து இரண்டாங்கட்டுக்குப் போகும் உயர்ந்த நிலைப்படியும் தடுக்கும். ஆச்சியின் படுக்கையைக் குளியலறைக்குப் பக்கத்து அறைக்கு மாற்றுங்கள். வீட்டுக்குள்ளும் பிடிப்புள்ள செருப்பு போடட்டும். வீட்டுக்குள் செருப்பா என்று தயங்குவார். நீங்கள்தான் பேசி இணங்க வைக்க வேண்டும்.

இனி, சோதனை எலி பற்றி. உங்கள் பயம் நியாயமானது. நோயாளியிடம் சரியாக விளக்காமல் கையெழுத்து வாங்கிய காலமும் இருந்தது. இன்றைய நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள். 2019-இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகளின்படி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஆய்வைத் தொடங்க முடியாது. இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணை நீங்கள் கேட்கலாம், இணையத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஆய்வால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு. ஒப்புதல் படிவம் ஆச்சிக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும். எந்த நாளிலும், காரணம் சொல்லாமல் வெளியே வரலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது.

கீநோட்-பி21 ஆய்வில் வெற்று ஊசி பெற்ற பெண்கள் சிகிச்சை இல்லாமல் விடப்படவில்லை. அவர்களும் முழு கீமோ பெற்றார்கள். அந்த ஆய்வில் ஆள் சேர்ப்பது முடிந்துவிட்டது. ஆகவே உங்களிடம் சொன்னது வேறோர் ஆய்வாக இருக்க வேண்டும். அங்கே போய்க் கேளுங்கள்: புதிய மருந்து கிடைக்காத பிரிவில் விழுந்தால் ஆச்சிக்கு என்ன சிகிச்சை? எம்எம்ஆர் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டுமான ஆய்வா, எல்லோருக்குமா? அங்கே எத்தனை முறை கூடுதலாக வர வேண்டும், போக்குவரத்துச் செலவை யார் ஏற்பது? ஆய்வு மருந்துக்கு உங்களிடம் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். எல்லோருக்கும் ஒரே மருந்து என்று பார்த்த காலம் போய், கட்டியின் வகைக்கேற்பக் கேள்வி கேட்கும் ஆய்வுகள் இப்போது நடக்கின்றன. ஐரோப்பாவில் தொடங்கிய ரெயின்போ என்ற திட்டம், பெண்களை மூலக்கூறு வகைப்படி நான்காகப் பிரித்து, எம்எம்ஆர் குறைபாடு உள்ளவர்களுக்குக் கதிர்வீச்சோடு துர்வலுமாப் என்ற இம்யூனோதெரபியைச் சேர்த்துப் பார்க்கிறது. அப்படி வகை பார்த்துச் சேர்க்கும் நல்ல ஆய்வு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், என் சொந்தத் தாயாக இருந்தாலும் சேர்க்க யோசிக்க மாட்டேன். ஒன்று மட்டும்: பல ஆய்வுகளில் கீமோ ஒரு தவணை ஏறிவிட்டால் சேர்க்க மாட்டார்கள். ஆகவே இந்த வாரமே கேட்டு முடிவெடுங்கள். இடம் இல்லை என்றால் தயங்காமல் மதுரையில் முதல் தவணையைத் தொடங்குங்கள். எம்எம்ஆர் அறிக்கை அதற்குப் பிறகு வந்தாலும், அடுத்த தவணைகளில் மருந்தைச் சேர்ப்பது பற்றி உங்கள் மருத்துவரிடம் பேச வழி இருக்கிறது.

ஆய்வோ, வழக்கமான சிகிச்சையோ, கையெழுத்துப் போட வேண்டியவர் ஆச்சி. அவரிடம் உண்மையைச் சொல்லாமல் அந்தக் கையெழுத்தை வாங்க எந்த நேர்மையான மருத்துவரும் சம்மதிக்க மாட்டார். சட்டத்தை விடுங்கள், முடி கொட்டும்போது அவர் என்ன நினைப்பார்? ஆறு தடவை மதுரைக்குக் கூட்டிப்போய் ஊசி ஏற்றுவதற்கு என்ன காரணம் சொல்வீர்கள்? 64 வயதில் ஒரு பெரிய குடும்பத்தைக் கட்டி நடத்தியவர் அவர். பெரும்பாலும் ஏற்கெனவே ஊகித்திருப்பார். நீங்கள் ஒடிந்துவிடுவீர்களே என்று அவரும் வாய் திறக்காமல் இருக்கலாம். "எடுத்த கட்டியில் புற்று இருந்தது. முழுவதும் எடுத்துவிட்டார்கள். திரும்பி வராமல் இருக்க மருந்து ஏற்ற வேண்டும்" என்று மூன்று வரி போதும். மூன்றும் உண்மை. மற்றதை அவர் கேட்கக் கேட்கச் சொல்லுங்கள். அம்மானுக்கு வந்தது குடலில், இது வேறு இடம் என்றும் சொல்லுங்கள்.

சாந்தியை நிறுத்த வேண்டாம். மருந்து ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருக்கும்; மூன்றாவது வாரத்தில் தேறிவிடும். சாந்தி நாளை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால், அது மூன்றாவது வாரத்தில் விழும்படி தவணையைக் கணக்கிட்டு வைக்கலாம். அதற்காக ஓரிரு நாள் முன்பின் ஆனால் பாதகமில்லை. ஒரு மாதம் தள்ளுவதுதான் பாதகம். முடி, முதல் ஊசிக்குப் பின் இரண்டு மூன்று வாரங்களில் கொட்டத் தொடங்கும். அதாவது சரியாக அந்த நாட்களில். அதை முன்கூட்டியே சொல்லி, முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்வதா, பட்டுத்துணி கட்டிக்கொள்வதா, சவுரி வைப்பதா என்று அவரையே முடிவு செய்ய விடுங்கள். கலச நீர் வார்க்கும்போது பங்காளிகள் அத்தனை பேரும் வரிசையில் நின்று ஊற்ற வேண்டியதில்லை. ஆச்சிக்குப் பிள்ளைகள் மட்டும் ஊற்றி, உடனே துவட்டி, உடை மாற்றி உள்ளே அழைத்துப் போங்கள். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் அருகில் வர வேண்டாம். இதைச் சொல்வதில் கூச்சப்படாதீர்கள். அன்றைக்கானாலும் வேறு என்றைக்கானாலும் உடல் வெப்பம் 100.4 டிகிரியைத் தொட்டால் மாத்திரை போட்டுச் சமாளிக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அம்மான் 46 வயதில் குடல் புற்றுநோயில் இறந்ததை, ஆத்தாவிடம் நோயைச் சொல்லாததற்குக் காரணமாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில்தான் நான் நெடுநேரம் நின்றேன். அக்காவுக்குக் கருப்பையில், தம்பிக்கு அவ்வளவு இளம் வயதில் குடலில் என்றால், லிஞ்ச் நோய்க்குறி என்ற பரம்பரைக் காரணம் இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். முன்பு சொன்ன அந்த நான்கு புரதங்களில் ஒன்றுக்கான மரபணு, பிறவியிலேயே பழுதாக வருவதுதான் அது. பழுதுள்ள பெற்றோரிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு. ஆண், பெண் வேறுபாடு இல்லை.

பிளாக் பரிசோதனையில் குறைபாடு தெரிந்தாலும் அது பரம்பரையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எம்எல்எச்1, பிஎம்எஸ்2 இரண்டும் சேர்ந்து காணாமல் போனால், பெரும்பாலும் வயதாகும்போது அந்த மரபணு முடங்கிப்போனதே காரணம். அதைப் பிரித்தறியத் தனிப் பரிசோதனை உண்டு. எம்எஸ்எச்2 அல்லது எம்எஸ்எச்6 இல்லை என்று வந்தால் சந்தேகம் வலுக்கும். எப்படி வந்தாலும் உங்கள் குடும்பக் கதையோடு சேர்த்துப் பார்க்கும்போது, ஆச்சியின் இரத்தத்தில் மரபணுப் பரிசோதனை செய்வது நல்லது என்பது என் கருத்து. அதில் பழுது உறுதியானால் அடுத்து உங்களுக்கும் உங்கள் உடன்பிறந்தவர்களுக்கும். உங்களுக்கு 39 வயதாகிறது. பழுது உங்களிடமும் இருந்தால், ஒன்று அல்லது இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கொலோனோஸ்கோப்பி செய்து, குடலில் புற்றாக மாறுமுன்பே முளையைக் கிள்ளி எடுத்துவிடலாம். குழந்தைப் பேறு முடிந்த பிறகு கருப்பையை முன்கூட்டியே எடுப்பது பற்றியும் பேசலாம். அதுவரை மாதவிடாய் ஒழுங்கு தவறினாலோ, இடையில் உதிரம் பட்டாலோ, "இந்த வயதில் அப்படித்தான்" என்று இருந்துவிடாதீர்கள்.

அம்மான் மக்கள் எங்கே இருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சென்னையோ மலேசியாவோ, அவர்களுக்கும் தகவல் போக வேண்டும். ஆச்சியின் அறிக்கை எப்படி வந்தாலும், தகப்பனுக்கு 46 வயதுக்குள் குடல் புற்று வந்திருப்பதால், அவர்கள் 36 வயதுக்கு முன்பே குடல் பரிசோதனையைத் தொடங்கியிருக்க வேண்டும். அந்த வீட்டில் அம்மானின் பழைய ஆஸ்பத்திரிக் காகிதங்கள் பெட்டியில் எங்காவது கிடந்தால், அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது பிளாக் கேட்கும் கடிதத்தோடு அவற்றையும் கொண்டு போய்க் காட்டுங்கள்.